செங்கம்மாள் வீட்டு மேஜர்

கேளம்பாக்கத்து உப்பளங்களை ஒட்டிய குடிசைத் தெருவில் ஓயாமல் நடந்த வழக்கு ஒன்று உண்டு. செங்கம்மாள் வீட்டு நாய் குடும்பத்துக்கு ஆகுமா, ஆகாதா என்பதுதான் அது. ஆகாது என்றவர்கள் அதன் பல்லைக் காட்டினார்கள். ஆகும் என்றவர்கள் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த குழந்தையைக் காட்டினார்கள். இரண்டு கட்சியிலும் வாய் கிழியப் பேசியவர்கள் ஆண்கள். அவர்களில் ஒருவரும் பொழுது சாயும் நேரத்தில் தலையில் விறகோடு அந்த வாசலைக் கடக்க வேண்டியிருக்கவில்லை. கடக்க வேண்டியிருந்த பெண்களை யாரும் கேட்கவில்லை. செங்கம்மாளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்தது.

அது அல்சேஷன் ஜாதி. பட்டணத்தில் போலீசார் நாயை வைத்துத் திருடனைப் பிடிக்கிறார்களாம் என்று புதிதாகப் பேச்சு அடிபட்ட சமயம் என்பதால் தெரு அதைப் போலீஸ் நாய் என்றது. ஓநாய்க்குப் பிறந்தது, ஒரு தடவை ரத்தம் ருசித்தால் எசமானையே விடாது, தூங்கும் குழந்தையின் தொண்டையைத்தான் முதலில் பார்க்கும் என்றெல்லாம் கதை கட்டினார்கள். அதுவோ கேழ்வரகுக் கூழும் கருவாட்டுத் தலையும் தின்றுவிட்டு, வாசலில் நாலு காலையும் நீட்டிப் படுத்துக் கிடந்தது. பெயர் மேஜர். பட்டாளத்துப் பதவியோடு கூழ் குடித்த ஒரே ஜீவன் அந்தத் தெருவில் அதுதான்.

செங்கம்மாள் திருப்போரூர்ப் பக்கத்துப் பெண். அப்பனும் ஆத்தாளும் பிறத்தியார் நிலத்தில் நடவும் அறுப்புமாகவே காலத்தை ஓட்டியவர்கள். உப்புக் கம்பெனியில் காவல் வேலை பார்த்த தேவசகாயத்துக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன் பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றி மார்த்தாள் என்று ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயர் கோயிலோடு நின்றுவிட்டது. தேவசகாயத்துக்கோ காக்கிச் சட்டை, அரை டவுசர், கையில் குண்டாந்தடி. அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் அவளுடைய அப்பன் பெண் கொடுத்தார் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

கம்பெனி மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர். சுதந்திரம் வந்த பிறகும் கொஞ்ச காலம் மூட்டை கட்டாமல் இருந்தவர். பொழுது சாய்ந்ததும் உப்பு அம்பாரத்திலிருந்து கூடையில் வாரித் தலையில் வைத்துக்கொண்டு வரப்போடு நழுவுகிறவர்கள் அவருக்குத் தீராத தலைவலி. பெங்களூரிலிருந்து அல்சேஷன் குட்டி ஒன்றை வரவழைத்து, அதைப் பழக்கும் பொறுப்பைத் தேவசகாயத்திடம் விட்டார். பகலெல்லாம் பங்களாவில் கட்டிக்கிடக்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு யார் தலையில் சுமை இருக்கிறதோ அவரைத் தள்ளிவிட வேண்டும். நாய்க்குப் பாடம் அவ்வளவுதான்.

பாடம் நடத்தத் திருடன் ஒருவன் வேண்டுமே. உப்பளத்தில் கூலிக்காரர் யாரும் திருடனாக நிற்க முன்வரவில்லை. தேவசகாயம் வீட்டுக்கு வந்து, கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒரு தபா நடந்தா ஒரு படி அரிசி தர்றாராம் தொரை. சாக்கு சுத்திக்கலாம். ஒண்ணும் ஆவாது."

செங்கம்மாள் போனாள். கல்யாணமான புதிது, புருஷன் கேட்டு மறுக்கத் தெரியாத வயது. அரிசியும் வீட்டில் இல்லை. கழுத்திலும் இரண்டு கையிலும் கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டினார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் உப்புக் கூடை. பொழுது மேற்கே இறங்கும்போது வரப்பில் நடந்தாள். பின்னால் குட்டி ஓடிவந்து அவளுடைய சாக்குக் கையைக் கவ்வி இழுத்தது. கூடை விழுந்தது, அவளும் விழுந்தாள். தேவசகாயம் ஓடிவந்து காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு பொறை ரொட்டியை எடுத்து நாய்க்குப் போட்டான். டீக்கடையில் கல் மாதிரி விற்பார்களே, அந்தப் பொறைதான். பெண்டாட்டியை அதற்கப்புறம்தான் தூக்கிவிட்டான். தூக்குவதற்கு முன் பொறை போட வேண்டும், இல்லையென்றால் நாய் குழம்பிவிடும் என்று துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதலில் அவளுக்கு அது விளையாட்டாகக்கூட இருந்தது. குட்டி பெரிதாகப் பெரிதாக விழுகிற அடியும் பெரிதாயிற்று. சிராய்ந்த முட்டியில் உப்புப் பாத்தித் தண்ணீர் பட்டால் உயிர் போய் உயிர் வரும். ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்பது உத்தரவு. குரல் கேட்டால் தெரிந்த ஆள் என்று நாய் விட்டுவிடுமாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தாள். வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்த பிறகுதான் நிறுத்தினாள். அதற்குள் நாய் பாடத்தை முடித்திருந்தது.

பிள்ளை பெண். சரோஜா என்று பெயர் வைத்தார்கள். அது தவழத் தொடங்கியபோது துரை கப்பலேறினார். கம்பெனியை வாங்கிய புது முதலாளி காவலுக்குத் தன் ஊர் ஆட்களையே கொண்டுவந்தார். தேவசகாயத்தின் கையில் மண்வெட்டி வந்தது. போகிற துரை காரில் ஏறும்போது நாயின் சங்கிலியை அவன் கையில் கொடுத்து, "உனக்குத்தான்" என்றார். பங்களா துரைசானி செங்கம்மாளைக் கூப்பிட்டு, பயப்பட வேண்டாம், என் இரண்டு குழந்தைகளும் இதன் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள், குடும்பத்துக்கு இதைவிட நல்ல நாய் கிடையாது என்று சைகையும் தமிழுமாகச் சொன்னாள். அவள் சொன்னது பொய்யில்லை. பங்களாவைச் சுற்றி ஆள் உயர மதில் இருந்ததையும், மதிலுக்குள் யாரும் தலையில் சுமக்கவில்லை என்பதையும் அவள் சொல்லவில்லை. அவளுக்கு அது தோன்றியே இருக்காது.

குடிசைக்கு வந்த மேஜர் குழந்தையோடு ஒட்டிக்கொண்டது. சரோஜா அதன் காதைத் திருகினாள், வாயில் கையை விட்டாள், அதன் வயிற்றில் தலைவைத்துத் தூங்கினாள். ஒருநாள் செங்கம்மாள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது குழந்தை தத்தித் தத்திக் கால்வாய் ஓரம் போய்விட்டது. உப்புப் படகு தள்ளிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போடுவதற்குள், மேஜர் பாவாடையைக் கவ்வி அவளைத் தரதரவென்று மேட்டுக்கு இழுத்து வந்துவிட்டது. அன்றைக்குச் செங்கம்மாள் நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன் மேல் அவளுக்கு இருந்த பிரியம் உண்மையான பிரியம். அதனால்தான் பின்னால் நடந்ததெல்லாம் அவ்வளவு கஷ்டமாயிற்று.

முதலில் மாட்டிக்கொண்டவள் பக்கத்து வீட்டுக் காசியம்மாள். கோவளம் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் காய்ந்த மிலார்க் குச்சி பொறுக்கி, தலையில் கட்டோடு அந்தி நேரத்தில் வந்துகொண்டிருந்தாள். காலையில் அதே நாய்க்குத் தன் கையால் சோறு போட்டவள். மேஜர் சத்தமே போடாமல் வந்து தள்ளியது. மணிக்கட்டு முறிந்தது. கட்டு விழுந்ததும் நாய் அவள் முகத்தை நக்கிவிட்டுத் திரும்பி, தேவசகாயத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

தேவசகாயம் காசியம்மாளின் புருஷனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கயிற்றில் கட்டினான், நாய் கயிற்றைக் கடித்தது. துரை கொடுத்த சங்கிலியில் கட்டினான், அது விடிய விடிய ஊளையிட்டது. மூன்றாம் நாள் அவனே அவிழ்த்துவிட்டான். இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனுஷனை உலுக்கிக் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அவனுடைய நிலைமையும் தெரியாமலில்லை. காக்கிச் சட்டை வெளுத்துத் தோள் கிழிந்திருந்தது, குண்டாந்தடி கம்பெனியோடு போயிற்று. 'காவக்கார தேவசகாயம்' என்று இன்னமும் யாராவது சொன்னார்களென்றால் அது அந்த நாயினால்தான். அதையும் சங்கிலியில் கட்டிப்போட அவனுக்கு மனசு வரவில்லை.

ஆகவே தெருவே வழி கண்டுபிடித்தது. தெருமுனையில் ஒரு மொட்டைப் பனை இருந்தது. அந்தியில் சுமையோடு வருகிற பெண்கள் அங்கே நின்று, விறகோ தண்ணீர்க் குடமோ புல்லுக்கட்டோ எதுவானாலும் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செங்கம்மாள் வாசலைத் தாண்டிய பிறகு மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டார்கள். மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு பார்த்தது. இடுப்புச் சுமை அதன் பாடத்தில் கிடையாது. நாளடைவில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. சண்டையும் ஓய்ந்தது.

காசியம்மாளுக்கு மட்டும் ஓயவில்லை. கோணலாகக் கூடிய மணிக்கட்டோடு கட்டை இறக்கும்போது ஒருநாள் செங்கம்மாளிடம் சொன்னாள்:

"எங்கப்பன் மேலத் தெருவுல நடக்க சொல்லோ தோள்ல கீற துண்ட எறக்கி இடுப்புல கட்டுவாரு. எங்காத்தா கூடைய எறக்கிகினு ஓரமா நிப்பா. அதெல்லாம் போச்சுன்னு நெனச்சேன்டி. இப்ப நம்ம தெருவுல, உன் வூட்டு நாய்க்கு எறக்கறேன்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் செங்கம்மாள் பதிலுக்குச் சத்தம் போட்டு ஆற்றிக்கொண்டிருப்பாள். இந்தத் தெருப் பெண்களெல்லாம் திருடிகள் என்று அந்த நாய்க்குச் சொல்லிக்கொடுத்தது தன்னுடைய உடம்புதான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தலையில் கூடையோடு அந்தியில் வருகிறவள் எப்படி இருப்பாள் என்று நாய் அவளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது.

சரோஜா வளர்ந்தாள். பல் விழுந்து முளைக்கிற வயது வந்தது. அந்தத் தெருவில் அந்த வயதுப் பெண் குழந்தைகளுக்குப் பழந்துணியைச் சுருட்டிச் சின்னதாக ஒரு சும்மாடு கோலிக் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு அவர்கள் பெரியவர்களோடு தோப்புக்குப் போய், கையளவு மிலார்க் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்தி நடந்து வருவதில் அப்படி ஒரு பெருமை. சரோஜாவுக்கு மட்டும் சும்மாடு கிடையாது. கூட விளையாடுகிறவர்கள், தன் வீட்டு நாய்க்கே பயந்தவள் என்று கேலி செய்தார்கள். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, அப்பாவின் பழைய துண்டைத் தானே சுருட்டிப் பழகினாள்.

தேவசகாயம் அதைப் பார்த்துச் சிரித்தான். "நாளைக்கு போவட்டும்மே. இன்னா பண்ணிடும் அது? அது வளத்த புள்ள."

"காசியக்கா கையால அது துன்னுச்சே. அக்காவ வுட்டுச்சா?"

"காசியும் சரோஜாவும் ஒண்ணா? இத்த தண்ணியிலேர்ந்து இஸ்து போட்டதே அதானே."

"அதுக்கு ஆளு தெரியாதுய்யா. சுமதான் தெரியும். நாந்தான சொல்லிக் குடுத்தேன்."

"நீ ஒரு ஆளு. கொயந்தய போயி பயமுறுத்திகினு கீற" என்று அவன் எழுந்து போய்விட்டான். அவன் சொன்னால் சொன்னதுதான். நாளைக்குக் குழந்தை தோப்புக்குப் போகும், பொழுது சாயத் தலையில் கட்டோடு வரும், அவன் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். வயது ஏறியும் மேஜரின் பாய்ச்சல் குறைந்திருக்கவில்லை. சரோஜாவின் கழுத்து எவ்வளவு மெலிந்தது என்று செங்கம்மாள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

குழந்தையை அனுப்பிப் பார்க்கிற சோதனையை அவள் தாங்க மாட்டாள். தானே நடப்பது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் சரோஜாவைத் தோப்புக்கு விடவில்லை. "நான் போய்ட்டு வரேன். நீ புள்ளைய கையில புடிச்சிகினு வாசல்ல குந்து. நாயக் கூப்புடாத. சத்தம் போடாத. என்னை வுட்டுச்சுன்னா நாளைக்கு நானே அவளுக்கு சும்மாடு கோலித் தரேன்" என்று புருஷனிடம் சொன்னாள். தேவசகாயம் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று முணுமுணுத்தான், ஆனால் ஒப்புக்கொண்டான். அவனுக்கு நாயின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பொழுது சாய்ந்தது. மற்ற பெண்கள் மொட்டைப் பனையில் சுமையை இறக்கினார்கள். செங்கம்மாள் இறக்கவில்லை. காசியம்மாள் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாண்டி" என்றாள். செங்கம்மாள் நடந்தாள். சாக்கு இல்லை, வெறுங்கையால் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷத்தில் சொந்த வீட்டு வாசலுக்கு அவள் அந்தி நேரத்தில் தலைச்சுமையோடு வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மேஜர் எழுந்து நின்றது. காது இரண்டும் விறைத்தன.

"மேஜரு, நாந்தான்டா" என்றாள்.

நாய் நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பழைய நாளில் இந்தத் திருடி பேசியதே இல்லை. செங்கம்மாளுக்கு உயிர் வந்தது போலிருந்தது. கடவுளே, தெரிந்துகொண்டுவிட்டது என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டே இன்னும் நாலடி எடுத்து வைத்தாள்.

பாய்ந்துவிட்டது. கட்டைப் பிடித்திருந்த கையைக் கவ்வி இழுத்துத் தரையில் சாய்த்தது. கட்டு உருண்டு போயிற்று. சதை கிழிந்து ரத்தம் கொட்டியது. சுமை போனதும் மேஜர் பிடியை விட்டு அவள் கன்னத்தை நக்கியது, வாலை ஆட்டியது. பிறகு ஓடிப்போய்த் தேவசகாயத்தின் முன்னால் உட்கார்ந்து, அவனுடைய சட்டைப் பையையே பார்த்தது.

தேவசகாயத்தின் கை தானாகப் பைக்குள் போயிற்று. பை காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் போயிற்று. கீழே கிடந்தபடி செங்கம்மாள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். சரோஜா அவன் கையை உதறிவிட்டு அம்மாவிடம் ஓடிவந்தாள். அவன் உட்கார்ந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஊர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் கைக்குத் தையல் போட்டார். அடித்துக் கொன்றுவிடலாம் என்று தெருவில் நாலு பேர் தடியோடு வந்தார்கள். செங்கம்மாள் வாசலை மறித்து நின்றாள். தடிக்குக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. உப்பு லாரி ஓட்டுகிற கியாசுதீன் பாய் ஒரு வழி சொன்னார். "செங்கல்பட்ல ஒரு வக்கீலு நல்ல நாயா தேடினு கீறாரும்மா. பெரிய வூடு, சுத்தி காம்பவுண்டு. இது அங்க சொகமா இருக்கும்." தேவசகாயம் தான் வரவில்லை என்றான். தன்னோடு வந்தால் நாய் தன்னோடேயே திரும்பிவிடும் என்றான். சரோஜா நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றாள். அவளைப் பிரித்தெடுத்துவிட்டு, உப்பு மூட்டைகளின் மேல் மேஜரோடு செங்கம்மாள் உட்கார்ந்து போனாள்.

வக்கீல் திருவேங்கடம் தன்மையான மனிதர். அவளுக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு நாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "போலீஸ் நாய் ஜாதியாச்சே. பேரன் பேத்தி இருக்கிற வீடு. குழந்தைங்களக் கடிக்குமாம்மா?"

"கடிக்காது ஐயா. என் பொண்ண பாதி வளத்ததே இதுதான்."

"அப்புறம் ஏன் குடுக்கறே?"

அவள் முந்தானையை விலக்கிக் கைக்கட்டைக் காட்டினாள். ஒளிக்காமல் சொன்னாள். "பொழுது சாஞ்சப்புறம் தலையில சொமையோட யாரு வந்தாலும் தள்ளிடும் ஐயா. கூழு ஊத்துனவன்னுகூடப் பாக்காது. அப்படிப் பழக்கிட்டாங்க."

வக்கீலின் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானா? எங்க வீட்டுல யாரும்மா தலையில சுமக்கிறாங்க? அப்ப இது குடும்பத்துக்கு ஏத்த நாய்தான்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார். துரைசானி சொன்ன அதே வார்த்தை.

அப்போது பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கீரைக்காரி உள்ளே வந்தாள். தலையில் கூடை. செங்கம்மாளைப் பார்த்ததும், "யம்மா, ஒரு கை புடி, எறக்கணும்" என்றாள். செங்கம்மாள் நாயின் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு, நல்ல கையால் கூடையை வாங்கி இறக்கினாள். கூடைக்கடியில் அந்தப் பெண்ணின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சாயங்காலமும் வருவாயா என்று கேட்டாள். "வராம? மல்லிப்பூ கொணாருவனே" என்றாள் அவள்.

"குடுக்கல ஐயா" என்றாள் செங்கம்மாள். வக்கீல் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே வாசல் வரை வந்தார். அவள் மோருக்குக் கும்பிடு போட்டுவிட்டு நாயோடு தெருவில் இறங்கினாள்.

லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கியாசுதீன் பாயிடம் மாட்டாஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் அவளையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். வழியைச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஊசிதான், வலிக்காது, தூங்குகிற மாதிரி போய்விடும், கொஞ்சம் வெளியே இரு, கூப்பிடுகிறேன் என்றார். எதிரே ஒரு டீக்கடை. செங்கம்மாள் அங்கே ஒரு பொறை வாங்கினாள். வேப்ப மரத்தடியில் மண்ணில் உட்கார்ந்து அதை நீட்டினாள்.

மேஜர் வாங்கிக்கொள்ளவில்லை. பொறையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. பிறகு திரும்பித் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடியது. விழுந்து கிடக்கிற ஆளைத் தேடுகிறது என்று அவளுக்கு விளங்கியது. யாரையாவது தள்ளாமல் அதற்கு ஒருநாளும் பொறை கிடைத்ததில்லை. அத்தனை படி அரிசியும் அப்போதுதான் அவளுக்குத் தொண்டையில் வந்து நின்றது.

"யாரையும் தள்ள வேணாம்டா" என்றாள். "சும்மாவே துன்னு."

அதன் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பொறையைப் பிட்டுப் பிட்டு வாயில் வைத்தாள். அது மெதுவாகத் தின்றது. கடைசித் துண்டு முடிவதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். முழுக்கத் தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு எழுந்து, கயிற்றை யார் கையிலும் கொடுக்காமல் தானே அழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.